சுவரில் நடந்த குழந்தைகளும் காதுக்குள் இருக்கும் கல்லும்

'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டுக் காட்சி மறந்திருக்காது. குட்டிச்சாத்தானும் குழந்தைகளும் ஓர் அறைக்குள் ஆடிக்கொண்டே சுவரில் ஏறுவார்கள். சுவரிலிருந்து கூரைக்குப் போவார்கள். அங்கே தலைகீழாக ஆடிவிட்டு எதிர்ச்சுவர் வழியாகத் தரைக்கு வந்து சேர்வார்கள். கயிறும் கிடையாது, கம்பியும் கிடையாது. 1984-இல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்ற பேச்சே நம்மிடம் இல்லை. நவோதயா அப்பச்சன் தயாரித்து, அவர் மகன் ஜிஜோ இயக்கி, இளையராஜா இசையமைத்த மலையாளப் படம் அது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமும் அதுதான்.

செய்தது இவ்வளவுதான். கலை இயக்குநர் கே. சேகர் அந்த அறையையே ராட்டினமாக்கி, இரும்புச் சட்டத்துக்குள் சுழலவிட்டார். மேசை நாற்காலியெல்லாம் அறையோடு பிணைக்கப்பட்டிருந்தன, காமிராவும் அப்படியே. அறை சுழல, காமிராவும் கூடவே சுழலும். குழந்தைகள் மட்டும் எந்நேரமும் அறையின் தாழ்வான பக்கத்தில், அதாவது உண்மையான பூமியை நோக்கித்தான் நின்றார்கள். காமிராவுக்கு அறை அசையவில்லை. ஆகவே அசைந்தது குழந்தைகள். ஹாலிவுட்டில் 1951-இலேயே 'ராயல் வெட்டிங்' படத்தில் ஃபிரெட் அஸ்டேர் இந்த முறையில்தான் சுவரிலும் கூரையிலும் நடனமாடினார்.

இப்போது அந்தக் காமிரா இருந்த இடத்தில் ஓர் ஆளை உட்கார வைத்துப் பெல்ட்டால் கட்டிவிடுவோம். அறை சுழலும். அவர் தலைகீழாவார், ரத்தம் தலைக்கு ஏறும், பெல்ட் தோளை அறுக்கும். சுற்றுவது குழந்தைகளா தானா என்பதில் அவருக்கு இம்மியளவும் சந்தேகம் வராது. காமிராவுக்குக் கண் மட்டும்தான் உண்டு. அவருக்குக் காதும் இருக்கிறது. சினிமாவைப் பூங்காவாகக் கட்ட நினைக்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

சினிமாக்காரர்களே பூங்கா கட்ட வந்தது புதிதல்ல. வால்ட் டிஸ்னி கார்ட்டூன் படங்களில் சம்பாதித்துவிட்டு 1955 ஜூலை 17-இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்டைத் திறந்தார். நம் பக்கம் 1995-இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவைத் திறந்தவர் வேறு யாருமல்ல, குட்டிச்சாத்தானைத் தயாரித்த அதே அப்பச்சன்தான். அடுத்த ஆண்டே ஹைதராபாத்தில் ராமோஜி ஃபிலிம் சிட்டி வந்தது. அறையைச் சுழற்றிக் கண்ணை ஏமாற்றியவர்கள், அடுத்து ஆளையே உள்ளே அழைத்து உட்கார வைக்க ஆசைப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் ஆள் உள்ளே வந்ததும் காமிரா போய்விடுகிறது. எந்தக் கோணத்தில் பார்ப்பது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் வந்தவர் இஷ்டம். ஏமாற்ற வேண்டிய உறுப்பும் மாறிவிடுகிறது.

இந்த வித்தையின் இன்றைய வடிவத்தைப் பார்க்க சிங்கப்பூர் நல்ல இடம். செந்தோசாத் தீவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் 2025 பிப்ரவரி 14-ஆம் தேதி 'மினியன் லேண்ட்' திறந்தார்கள். முன்பு 'மடகாஸ்கர்' படத்துக்கென்று இருந்த பகுதியை எடுத்துவிட்டு, 'டெஸ்பிக்கபிள் மீ' படங்களின் மஞ்சள் குட்டிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைத்தெரு, குரு என்கிற அந்தக் குறும்பு வில்லனின் தெரு, ராட்டினங்கள் உள்ள கேளிக்கை மைதானம் என்று மூன்று பிரிவுகள். அண்ணன் குடும்பம் அங்கே இருப்பதால் எனக்கும் வாய்த்தது. நடுநாயகமானது 'மினியன் மேஹெம்' சவாரி. குருவின் வீட்டுக்குள் வரிசையில் போய், நம்மையெல்லாம் மினியன்களாக மாற்றப்போவதாகச் சொல்லக் கேட்டு, பெரிய திரைக்கு முன்னால் இருக்கைகளில் உட்கார வேண்டும். பிறகு விழுகிறோம், வழுக்குகிறோம், இயந்திரங்களின் பல்லுக்கு நடுவே பறக்கிறோம்.

வெளியே வந்ததும் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, நாம எவ்ளோ தூரம் போயிருப்போம்?"

"இருந்த இடத்துலயேதான் தாயீ இருந்தோம்."

அவள் நம்பவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் காதும் நம்பவில்லை.

காதின் உட்பகுதியில் கேட்பதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கருவி இருக்கிறது. அதில் மூன்று அரைவட்டக் குழல்கள் மூன்று திசைகளில் நிற்கின்றன, உள்ளே திரவம். சொம்பைச் சட்டென்று திருப்பினால் உள்ளிருக்கும் தண்ணீர் திரும்பாமல் பின்தங்குமே, அதேதான் அங்கேயும் நடக்கிறது. தலை திரும்பும்போது பின்தங்கும் திரவம் நுண்மயிர்களை வளைக்கிறது, மூளை 'திரும்புகிறோம்' என்று அறிகிறது. தொடர்ந்து ஒரே வேகத்தில் சுற்றினால் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கி, மயிர் நிமிர்ந்து, சுற்றுகிற உணர்வே போய்விடும். நின்றதும் திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ரங்கராட்டினத்தை விட்டு இறங்கிய பிள்ளை எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதுபோல் உணர்ந்து தள்ளாடுவது இதனால்தான்.

குழல்களுக்கு அடியில் இரண்டு சிறு பைகள். அவற்றில் பசைபோன்ற படலத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத பொடிக்கற்கள் பதிந்திருக்கின்றன. அவை கால்சியம் கார்பனேட், சாட்சாத் சுண்ணாம்புக்கல். ராஜபாளையத்தில் வேர்கொண்ட ராம்கோ சிமெண்ட் ஆலைகள் சூளையில் இடுவதும் வேதியியல்படி இதே சரக்குதான். (எங்கள் பக்கத்துக்காரர்கள் காதில் மட்டுமல்ல, யார் காதிலும் அதுதான் என்பதால் பெருமைப்பட ஒன்றுமில்லை.) தலை சாய்ந்தால் கற்கள் தம் எடையால் சரிகின்றன. பஸ் சடாரென்று கிளம்பினாலும் கற்கள் பின்னோக்கிச் சரிகின்றன. இரண்டு சரிவுக்கும் காதைப் பொறுத்தவரை வித்தியாசம் கிடையாது. ஜன்னலில்லாத பெட்டிக்குள் இருப்பவன் தன்னை இழுப்பது புவியீர்ப்பா, பெட்டியின் முடுக்கமா என்று எந்தச் சோதனையாலும் பிரித்தறிய முடியாது என்று 1907-இல் ஐன்ஸ்டீன் யோசித்தாரே, பொதுச் சார்பியலுக்கு வித்திட்ட அந்த யோசனை நம் ஒவ்வொருவர் காதுக்குள்ளும் அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறது.

சவாரி கட்டுகிறவர்கள் நுழையும் சந்து இதுதான். திரையில் வண்டி முன்னால் பாய்கிறது. அதே நேரம் உங்கள் இருக்கை மெல்லப் பின்னால் சாய்கிறது. 20 டிகிரி சாய்ந்தால் உடலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதுகில் விழும். நின்ற நிலையிலிருந்து எட்டே விநாடியில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொடும் காரில் முதுகு உணரும் அழுத்தம் அவ்வளவுதான். சாய்வைக் கண் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் திரையோ 'நேராகத்தான் போகிறாய், வேகமாகப் போகிறாய்' என்கிறது. சாய்க்கும் வேகத்தை விநாடிக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் வைத்துக்கொண்டால் குழல்களும் கண்டுகொள்வதில்லை. ஆக, நகராத காரில் ஏறி 100-ஐத் தொட்டாயிற்று.

இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. இருக்கையைத் தாங்கும் கால்கள் சில அடிதான் நீளும். ஒரு பக்கம் தள்ளிவிட்டால் அடுத்த தள்ளலுக்கு இடமிருக்காது. அதற்காக, திரையில் கொஞ்சம் அமைதி வரும்போதெல்லாம் இருக்கையை உணர முடியாத மெதுவில் நடுவுக்குத் திருடிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இந்தத் திருட்டு விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கூண்டுகளிலிருந்து வந்தது. ஆறு கால்களால் ஒரு மேடையை எந்தப் பக்கமும் அசைக்கும் அமைப்பை எரிக் காஃப் என்ற பொறியாளர் 1950-களில் டன்லப் கம்பெனியில் செய்தபோது, அவர் நோக்கம் கார் டயரைச் சோதிப்பது. 1965-இல் ஸ்டூவர்ட் என்பவர் விமானப் பயிற்சிக்கு அத்தகைய மேடையை முன்மொழிந்தார். 1987-இல் டிஸ்னிலேண்ட் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை வைத்து 'ஸ்டார் டூர்ஸ்' சவாரி அமைத்தபோது பயன்பட்டது அந்த வகை இயந்திரம்தான். டயரில் தொடங்கிய சங்கதி விண்வெளிச் சண்டையில் வந்து நிற்கிறது.

கண்ணின் பங்கையும் குறைத்துச் சொல்லக்கூடாது. ராஜபாளையம் ஸ்டேஷனில் கிராசிங்குக்காக வண்டி நிற்கும். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகர்ந்ததும் நம் வண்டி கிளம்பிவிட்டதென்று உடம்பே ஒரு கணம் முன்னால் போகும். பார்வைப் பரப்பு முழுவதும் ஒரே திசையில் நகர்ந்தால் 'உலகம் நகர்கிறது' என்று மூளை எடுத்துக்கொள்வதில்லை. 'நான் நகர்கிறேன்' என்றே எடுத்துக்கொள்கிறது. எர்ன்ஸ்ட் மாக் 1875-இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். சவாரித் திரைகள் அவ்வளவு அகலமாக, ஓரம் கண்ணில் படாதபடி இருப்பது ஆடம்பரத்துக்கல்ல.

இதை மட்டுமே முதலாக வைத்து ஒருவர் கடை விரித்ததும் உண்டு. 1894-இல் சான் ஃபிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் 'பேய் ஊஞ்சல்' என்று ஒன்று இருந்தது. அறைக்கு நடுவே பெரிய ஊஞ்சலில் ஆட்களை உட்கார வைத்துக் கதவைச் சாத்துவார்கள். ஊஞ்சல் சற்றே ஆடும். பிறகு வீச்சு கூடிக்கூடி, கடைசியில் முழு வட்டமே அடித்துவிடும். உண்மையில் ஊஞ்சல் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்க, சுழன்றது அறை. ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளர் மறு ஆண்டே ஓர் உளவியல் இதழில் இதைப் பற்றி எழுதினார். குட்டிச்சாத்தான் அறைக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே பார்ப்பது காமிரா, அறையோடு சேர்ந்து சுற்றுகிறது, இங்கே பார்ப்பது ஆள், சுற்றாமல் இருக்கிறார்.

கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று முரணாகச் சாட்சி சொன்னால் விளைவது குமட்டல். மலைப்பாதை பஸ்ஸில் புத்தகம் படிப்பவருக்கும் அதுதான். காது 'வளைகிறோம்' என்கிறது, கண் 'எழுத்து அசையவில்லை' என்கிறது. சவாரியில் இது தலைகீழ்: கண்ணுக்குப் பாய்ச்சல் அதிகம், காதுக்குக் குறைவு. வயிற்றைப் புரட்டினால் கண்ணை மூடிக்கொள்வது நல்ல வைத்தியம். ஒரு சாட்சி கூண்டை விட்டு இறங்கிவிடுகிறார், வழக்கு முடிந்தது. டிக்கெட் காசு போச்சே என்பது வேறு வருத்தம்.

சவாரிக்கு வெளியே, தெருவாகவும் வீடாகவும் கட்டப்பட்ட பகுதியில் வேறொரு பொய் வேலை செய்கிறது. டிஸ்னிலேண்டின் தூங்கும் அழகி கோட்டை 77 அடிதான், ஆனால் பார்க்க மலைப்பாக இருக்கும். கீழே பெரிய கற்கள், மேலே போகப்போகச் சின்னக் கற்கள், சின்ன ஜன்னல்கள். தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பது கண்ணின் அனுபவம். எனவே சிறிதாக இருப்பதைத் தொலைவில் இருப்பதாகக் கொள்கிறது. (அந்தக் கோட்டைக்குரிய படம் வெளிவந்தது நான்கு வருடம் கழித்து, 1959-இல். படத்துக்கு விளம்பரமாகக் கோட்டை!) ஃபுளோரிடாவில் 1971-இல் வந்த சிண்டரெல்லா கோட்டை 189 அடி. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காகச் சிவப்பு விளக்கு வைக்க வேண்டியிருக்கும், இளவரசி வீட்டுக்கு அது ஆகாது.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் சுமார் 192 அடி. பதினோரு நிலைகளும் மேலே போகப்போகக் குறுகுகின்றன. மாட வீதியில் நின்று அண்ணாந்தால் அந்த 192 அடி இன்னும் கூடுதலாகத் தெரிவதில் இந்தக் குறுக்கத்துக்கும் பங்குண்டு. சிற்பிகள் கண்ணின் கணக்கை நினைத்தார்களா, மலையின் வடிவை நினைத்தார்களா என்பது தனிப் பேச்சு. கோபுரத்தின் உச்சியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தால் மாயம் கலைந்து சரியான அளவு சட்டென்று புரிந்துவிடும். காக்கையின் அளவு நமக்கு அத்துபடி. பூங்காக் கோட்டைகளின் மேல் ஜன்னலில் ஆள் தலை தெரியக்கூடாது என்பதும் அதனால்தான்.

'பாகுபலி'க்காக சாபு சிரில் அமைத்த மகிழ்மதி அரங்கங்களை ராமோஜி ஃபிலிம் சிட்டியில் 2017-இல் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். படத்தில் பார்த்த உயரத்தைத் தேடினால் ஏமாற்றமாக இருக்கும். அரங்கத்தின் உச்சிக்கு மேல் படத்தில் இருந்தது கம்ப்யூட்டரில் வரைந்தது. நேரில் அங்கே வானம் இருக்கிறது. அரங்கம் ஒரு லென்ஸுக்காகக் கட்டியது. பூங்காவோ மூன்றடிக் குழந்தை முதல் ஆறடி மாமா வரை எல்லோர் கண்ணுக்கும், எல்லாப் பக்கத்திலிருந்தும், மழையிலும் வெயிலிலும் தாக்குப்பிடிக்க வேண்டும். மினியன் லேண்ட் போன்ற பகுதிகளை அரங்கம் என்று சொல்லாமல் கட்டடம் என்று சொல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆனாலும் எனக்கு மகிழ்மதியில் நிற்கத்தான் பிடிக்கும். அங்கே வித்தையின் பின்பக்கமும் தெரிகிறது.

இந்தப் பொய் எதுவும் கலக்காத ஆட்டம் ஒன்று எங்கள் பக்கத்துத் திருவிழாப் பொருட்காட்சிகளில் உண்டு: மரணக் கிணறு. அங்கே சுற்றுபவர் நிஜமாகச் சுற்றுகிறார், விளிம்பில் நிற்கும் நாம்தான் அசைவதில்லை. கிணற்றின் ஆரம் ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால், செங்குத்துப் பலகையில் சரியாமல் இருக்க மோட்டார் சைக்கிளுக்கு மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஊரில் தெருவுக்குத் தெரு ஓடும் வேகம்தான். அப்போது சுவர் அவரைத் தள்ளும் விசை அவர் எடையைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்தத் தள்ளல் தருகிற உராய்வுதான் அவரைத் தாங்குகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். ஓட்டுபவர் ஒல்லியா, பருமனா, பின்னால் ஆள் இருக்கிறாரா என்பதொன்றும் தேவையான வேகத்தை மாற்றாது. டயர் வழுவழுப்பா, பலகை ஈரமா என்பது மாற்றும். தூறல் விழுந்தால் அவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பலகையைத் துணியால் துடைக்கிறார்கள்.