பொறுக்குகிறவர் யார்?

சில சொற்களுக்குப் பிறந்த வீட்டில் ஒரு மரியாதை, புகுந்த வீட்டில் வேறொரு மரியாதை. 'பொறுக்கு' என்னும் வினையின் கதி அத்தகையது. நேயர்களின் இல்லங்களில் அது நாள்தோறும் வழங்கும் சொல்லே. அரிசியை முறத்தில் பரப்பிக் கல் பொறுக்குகிறோம்; விதைக்கென்று திரண்ட மணிகளைப் பொறுக்கி வைக்கிறோம். ஓர் ஆசிரியரின் சிறந்த கதைகளைப் 'பொறுக்கியெடுத்து'த் தொகுத்ததாகப் பதிப்பாளர்கள் பெருமையுடன் அச்சிடுகிறார்கள். ஆனால் இவ்வினையில் பிறந்த 'பொறுக்கி' என்னும் பெயரை ஒருவர் முகத்துக்கெதிரே சொல்லிவிட்டால் கைகலப்புத்தான்! பொறுக்கியெடுத்த கதைகளை வாசித்து மகிழும் பெரியவரே, தெருவில் திரியும் பிள்ளையை ஏச அச்சொல்லைத்தான் எடுக்கிறார்.

தமிழில் கையால் எடுப்பதற்குப் பல வினைகள் உண்டு. குவியலாக இருப்பதை அள்ளுகிறோம். பரந்து கிடப்பதைச் சேர்த்து வாருகிறோம். பொறுக்குவதோ ஒவ்வொன்றாக. குனிய வேண்டும், பார்க்க வேண்டும், வேண்டியது இது, வேண்டாதது இது என்று தேர்ந்து எடுக்கவேண்டும். மனிதர்மேல் சுமத்திய மகா கொடுமையாகிய மலம் அள்ளுதலை யாரும் 'பொறுக்குதல்' என்பதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிய அவ்வேலையில் தேர்வுக்கு இடமேது? பொறுக்குதலில் மட்டுமே கண்ணுக்கும் அறிவுக்கும் வேலையிருக்கிறது.

இதை நன்கு காணவேண்டுமானால் புதுக்கோட்டைச் சீமைக்குப் போகவேண்டும். 1948 மார்ச்சு 3-ஆம் தேதி வரையில் தனிச் சமஸ்தானமாயிருந்து, பின்னர் 1974-இல் தனி மாவட்டமான பூமி அது. ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் நிலக்கடலை நன்றாக விளைகிறது. கடலைச் செடிக்கு ஒரு விநோத சுபாவம்: பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூ வாடியதும் ஊசிபோன்ற ஒரு காம்பு கீழிறங்கி, மண்ணைத் துளைத்து, அங்கே காயாகிறது. செடியைப் பிடுங்கும்போது, மண் காய்ந்து இறுகியிருந்தாலோ, காய் அதிகமாக முற்றியிருந்தாலோ, அக்காம்பு அறுந்துவிடும். காய் மண்ணிலேயே தங்கிவிடும். நிலக்காரர் செடிகளைக் கொண்டுபோனபின், நிலமில்லாத ஸ்திரீகளும் குழந்தைகளும் களைக்கொத்துடன் இறங்கி, மண்ணைக் கிளறிக் கடலை பொறுக்குகிறார்கள். விரட்டும் நிலக்காரரும் உண்டு. கண்டும் காணாமல் போகிறவர்களும் உண்டு. பகலெல்லாம் குனிந்து பொறுக்கியது மடி நிறைந்தால் அன்றைக்கு அது பெரிய லாபம்.

இவ்வழக்கம் உலகத்துக்கே பழையது. விவிலியத்தின் ரூத், கைம்பெண்ணாய் அந்நிய நாட்டுக்கு வந்து, மாமியாரைக் காப்பாற்ற வயலில் கதிர் பொறுக்கினாள். தமிழில் மொழிபெயர்த்தவர்களும் இதே வினையைத்தான் ஆண்டார்கள். பிரான்சு தேசத்து ஓவியர் மில்லே 1857-இல் கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை எழுதினார். குனிந்த முதுகுகளே அப்படத்தின் நாயகிகள். ஏழைகளுக்கு இவ்வளவு பெரிய சித்திரமா என்று பாரிஸ் நகரத்துச் செல்வர்கள் முகஞ் சுளித்தார்களாம்!

வயலில் பொறுக்குகிறவளிடம் நமக்கு இரக்கமாவது உண்டு. நகரத்துக் குப்பைமேட்டில் காகிதமும் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்குகிறவளைக் கண்டாலோ வாசற்கதவைச் சாத்திக்கொள்கிறோம். அவள் பொறுக்கியது பழைய சாமான் கடைக்குப் போய், எடைபோட்டு, தினுசு பிரிந்து, ஆலைக்குச் சென்று உருகி மறுபடி நம் வீட்டுக்கே வாளியாகவும் அட்டைப்பெட்டியாகவும் வருகிறது. புனா நகரில் இத்தகைய தொழிலாளர் 1993-இல் தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள்; 2008 முதல் அவர்களுடைய கூட்டுறவு அமைப்பு, மாநகராட்சியின் உடன்பாட்டுடன், வீடு வீடாகக் குப்பை வாங்கி வருகிறது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்து அடையாளச் சீட்டு அளிக்க வேண்டுமென்று விதித்தன. சர்க்கார் ஏட்டில் கௌரவம் வந்துவிட்டது. நம் நாக்கில் இன்னும் வரவில்லை.

'பொறுக்க' என்னும் எச்சம் தமிழில் இரு வினைகளுக்குப் பொது. சகித்தலுக்கும் அதுவே, தேர்ந்தெடுத்தலுக்கும் அதுவே. நாற்றம் பொறுக்கமாட்டாமல் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகும் தொட்டியிலேயே அவள் பொறுக்கக் குனிகிறாள். நாமோ தேர்வு என்னும் பேச்சே இன்றி, குழம்புச் சோற்றையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே பையில் முடிந்து எறிந்திருக்கிறோம். உள்ளே கண்ணாடி இருக்கும் சங்கதி, விரல் கிழிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது.