தவளைக்கும் குளிருமா?

மார்கழி, தை மாதங்களில் பதுளையின் குளிர் எப்படியிருக்கும் என்பதை இங்குள்ள சகோதரிகளுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சுபஹுக்கு வுழூச் செய்யத் தண்ணீரில் கை வைத்தாலே உடம்பு சிலிர்த்துப்போகும். அப்படியொரு நாளில்தான் என் தங்கையின் பத்து வயது மகன், குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த மரத்தவளையைப் பிடித்துப் பழைய மீன் தொட்டியில் போட்டு, மேலே மேசை விளக்கையும் எரியவிட்டிருந்தான்.

"ஏன் மகன் இப்படி?" என்று கேட்டேன்.

"லண்டன் மச்சான்ட தவளைக்கு ஹீட்டர் போட்டிருக்கு பெரியம்மா. இதுக்கும் குளிருந்தானே?"

இரக்கப்பட்டுச் செய்த பிள்ளையை ஏச மனம் வரவில்லை. ஆனால் தொட்டியின் கண்ணாடி கையைச் சுட்டது. தவளை ஒரு மூலையில் தோல் உலர்ந்து, வெளிறிப்போய் ஒடுங்கிக் கிடந்தது. அல்லாஹ்வின் உதவியால் நேரத்தோடு கண்டோம்.

தவளை நம்மைப் போல உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் பிராணியல்ல. சுற்றியிருக்கும் சூடு எவ்வளவோ, அதன் உடம்புச் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். அது தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு ஈரமான தோல் வழியாகவே நடக்கிறது. ஆகவே தோல் காய்ந்தால் தாகமும் மூச்சுத் திணறலும் சேர்ந்தே வரும். வெளியே இருந்தால் இலைக்கடியிலோ தண்ணீர்ப் பீப்பாவின் ஓரத்திலோ போய் ஒளிந்துகொள்ளும். மூடிய தொட்டிக்குள் அது எங்கே போகும்?

அப்படியானால் லண்டன் தவளைக்கு மட்டும் ஏன் ஹீட்டர்? அந்தப் பிள்ளை வளர்ப்பது அவுஸ்திரேலியாவையும் நியூகினியையும் தாயகமாகக் கொண்ட பச்சை மரத்தவளை. வெப்ப நாட்டுப் பிராணி. பகலில் 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும், இரவில் சற்றுக் குறையலாம். லண்டன் பனிக்காலத்தில் அது தானாகக் கிடைக்காது.

அங்கே அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தொலைபேசியில் மைனியிடம் விசாரித்தேன். சூடேற்றும் தகட்டைத் தொட்டிக்கு உள்ளே வைப்பதில்லை. ஒரு பக்கக் கண்ணாடியில் வெளிப்புறமாக ஒட்டுகிறார்கள். மறுபக்கம் குளிர்ச்சியாகவே இருக்கும். தவளை தனக்கு இதமான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். குறித்த அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்திவிடும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அந்தத் தகட்டைப் போடவே கூடாதாம். இரு பக்கமும் வெப்பமானி உண்டு. பல்ப் பாவித்தால் கம்பி வலை மூடிக்கு வெளியேதான். உள்ளே இருந்தால், விரல் நுனியால் எதிலும் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பிராணி பல்ப்பிலேயே போய் ஒட்டி வெந்துவிடும். தெளிக்கும் தண்ணீர் வயர் வழியே வழிந்து பிளக்குக்குப் போகாமல், வயரை ஒருமுறை கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றிச் செருகுகிறார்கள். இந்த ஒரு விடயம் நம் வீட்டு மீன் தொட்டிகளுக்கும் உதவும்.

நம் குளியலறைத் தவளையின் கதை வேறு. முதுகில் மணற்கடிகாரம் போன்ற அடையாளமுள்ள மரத்தவளை இலங்கைக்கே உரியது. தண்ணீருக்கு மேலுள்ள கிளையில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். குஞ்சுகள் கீழே தண்ணீரில் விழுந்து வளரும். இந்த மலைக்குளிரிலேயே பிறந்து வளர்ந்ததற்கு நாம் என்ன ஹீட்டர் போடுவது? மேலும், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் 2009 திருத்தமும் நம் நாட்டு உயிரினங்களைப் பிடித்து அடைத்து வைக்க இடமளிப்பதில்லை. தவளையை மருந்தில் சேர்க்கலாமா என்று ஒரு வைத்தியர் கேட்டபோது, அதைக் கொல்ல வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. மகனுக்கு அதைச் சொன்னதும் தானே தொட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனான்.

உண்மையில் நம் வீடுகளில் சூடு தேவைப்படுவது தாயில்லாத கோழிக்குஞ்சுகளுக்குத்தான். கடையில் வாங்கிய ஒருநாள் குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 பாகை வரை வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். இதிலும் லண்டன் தொட்டியின் முறைதான்: பல்ப்பைப் பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் தொங்கவிட்டு, மறுபக்கத்தை விட்டுவிடுங்கள். வெப்பமானி இல்லையா, குஞ்சுகளையே பாருங்கள். பல்ப்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். சொண்டைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் நிம்மதி. இப்போது கடைகளில் கிடைக்கும் எல்ஈடி பல்ப் வெளிச்சம் தருமே தவிரக் குஞ்சுக்குப் போதிய சூடு தராது. பழைய மாதிரி இழை பல்ப்தான் வேண்டும். அதைக் கம்பியால் உறுதியாகக் கட்ட வேண்டும். வயரில் மட்டும் தொங்கினால், அறுந்து உமியிலோ மரத்தூளிலோ விழுந்து தீப்பற்றும்.

தோட்டத்து லயன்களில் சிலர் குஞ்சுப் பெட்டிக்கருகே கரிச்சட்டி வைத்துக் கதவையும் சாத்திக்கொண்டு படுப்பதுண்டு. தயவுசெய்து வேண்டாம். கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு எரிந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, தூங்கப் போகையில் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதை புகாரியில் காணலாம். ஒரு சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்தால் சில மணித்தியாலம் தாங்கும். ஆறியதும் மாற்ற ஒருவர் எழும்பத்தான் வேண்டும்.

அந்த மேசை விளக்கு இப்போது தங்கையின் ஆறு குஞ்சுகளுக்கு மேலே கட்டப்பட்டிருக்கிறது. காவல்காரன் மகன்தான். மறுநாள் இரவு குளியலறைச் சுவரில் மறுபடியும் ஒரு தவளை. "அதேதானா பெரியம்மா?" என்று கேட்டான். பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வாளித் தண்ணீரில் கொஞ்சம் அள்ளிச் சுவரில் தெளித்துவிட்டு வந்தோம்.