லண்டன் போய்வர எந்த வழி?

மகளுக்கு லண்டனில் பிரசவம். அம்பாங்கில் இருக்கும் அம்மா துணைக்குப் போக வேண்டும். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி, ஆங்கிலமும் அரைகுறை. மகன் கணினியில் டிக்கெட் விலையைப் பார்க்கிறார். நேரடி விமானம் ஒரு விலை. வளைகுடாவில் இறங்கி மாறினால் ஒரு விலை. சென்னை வரை மலிவுக் கட்டண விமானத்தில் போய், அங்கிருந்து வேறு நிறுவனத்தின் விமானத்தைப் பிடித்தால் எல்லாவற்றையும்விடக் குறைவு. “சென்னை வழியா போங்கம்மா, சித்தியையும் பார்த்த மாதிரி இருக்கும்” என்கிறார் மகன். இது நம் வீடுகளில் நடக்காத காட்சி அல்ல.

அந்தக் குறைந்த விலையில் என்ன அடங்கியிருக்கிறது, என்ன அடங்கவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகள் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள். முதல் நிறுவனத்தின் பொறுப்பு சென்னையில் இறக்கிவிடுவதோடு முடிகிறது. பெட்டியும் பொதுவாக அங்கேதான் இறங்கும். அதை எடுக்கக் குடிநுழைவைத் தாண்டி வெளியே வர வேண்டும். வெளியே வர மலேசியக் கடப்பிதழுக்கு இந்திய விசா வேண்டும். பிறகு பெட்டியைத் தள்ளிக்கொண்டு, புறப்பாட்டுப் பகுதிக்குப் போய், மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். கோலாலம்பூர் விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் லண்டன் விமானம் காத்திருக்காது. அந்த நிறுவனத்தின் கணக்கில் அம்மா ‘வராத பயணி’, அவ்வளவுதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று இனிமேல்தான் வருகிறது. போகும் பயணத்தில் ஒரு பகுதியில் ஏறாமல் விட்டால், அதே டிக்கெட்டில் உள்ள மற்றப் பகுதிகளையும் திரும்பும் பயணத்தையும் ரத்து செய்யலாம் என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை. சென்னையில் ஒரு விமானத்தைத் தவறவிட்டதால், மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும் இடமும் பறிபோகலாம். சில நூறு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், கடைசி நேர விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டிவரும். சித்தியைப் பார்க்க ஆசை என்றால் சென்னையில் இரண்டு நாள் தங்கிப் போகட்டும், அதில் தவறில்லை. அன்றைக்கே மாறுவதுதான் ஆபத்து.

ஒரே முன்பதிவாக வாங்கினால் நிலைமை வேறு. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் கடமை. பெட்டியும் பெரும்பாலும் லண்டனில்தான் வரும். ஆனாலும் பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக லண்டன் இருக்கிறதா என்று முகப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தது, எங்கே மாறுவது? கோலாலம்பூருக்கும் லண்டனுக்கும் இடையே சுமார் 10,600 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் போகச் சுமார் 14 மணி நேரம். மலேசிய ஏர்லைன்ஸ் பல ஆண்டுகளாக நேராகப் பறக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேய்ஸும் 2025 ஏப்ரலில் இந்தச் சேவையை மீண்டும் தொடங்கியது. டோஹா, துபாய் வழியே போனால் பயணம் ஏறத்தாழ ஏழு ஏழு மணி நேரமாகப் பிரிகிறது. கால் வீங்குபவர்களுக்கு நடுவில் எழுந்து நடப்பது நல்லதே. இஸ்தான்புல் வழி என்றால் முதல் கட்டம் நீளம், இரண்டாவது குறைவு. இரவில் தூங்கிப் போக ஏற்றது. கொழும்பில் அறிவிப்புப் பலகைகளில் தமிழும் உண்டு. சிங்கப்பூரில் மாறுவதில் உடலுக்கு லாபமில்லை. ஒரு மணி நேரம் பறந்து இறங்கி, மறுபடியும் 14 மணி நேரம் உட்கார வேண்டும்.

மாறுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தால் போதும் என்று கணினி டிக்கெட் கொடுத்துவிடும். இளைஞர்கள் ஓடிவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வேண்டும். சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். போவதற்குச் சொன்னவர்கள் வருவதற்குச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

எந்த விமான நிலையமும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி பெய்த பெருமழையில் துபாய் விமான நிலையம் தத்தளித்தது. 2025 ஜூன் 23ஆம் தேதி ஈரானின் ஏவுகணைத் தாக்குதலின்போது கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. நேரடி விமானமும் இதற்கு விலக்கல்ல. 2025 மார்ச் 21ஆம் தேதி துணை மின்நிலையம் ஒன்றில் தீப்பிடித்து, ஹீத்ரோ பகல் முழுவதும் முடங்கியது. வளைகுடா வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பணம் கட்டுமுன் செய்தியைப் பார்த்துவிட வேண்டும்.

தாமதத்துக்கு இழப்பீடு உண்டா? இங்கே போவதும் வருவதும் ஒன்றல்ல. லண்டனிலிருந்து புறப்படும் பயணத்துக்கு, எந்த நாட்டு நிறுவனமாக இருந்தாலும், பிரிட்டனின் சட்டம் பொருந்தும். நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கோலாலம்பூர் வந்து சேர்ந்தால் 520 பவுண்ட் கேட்கலாம். துபாயில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டாலும் இது பொருந்தும் என்று எமிரேட்ஸ் தொடர்பான வழக்கில் 2017இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே முன்பதிவாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். கோலாலம்பூரிலிருந்து வளைகுடா நிறுவனத்தில் போகும்போது அந்தச் சட்டம் கிடையாது. அப்போது 2016ஆம் ஆண்டின் மலேசிய விமானப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள்தான் துணை. அவற்றின்படி இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு உணவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் போய் இரவு தங்க நேர்ந்தால் விடுதி. ரொக்க இழப்பீடு இல்லை.

பத்திரங்களில் ஒன்று புதிது. 2025 ஜனவரி 8 முதல் மலேசியர்கள் பிரிட்டன் செல்ல இ.டி.ஏ. என்னும் மின்னியல் அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். விசா தேவையில்லையே என்று நினைத்துப் போனால் கோலாலம்பூரிலேயே ஏற்ற மறுப்பார்கள். மருமகனோ மருமகளோ இலங்கைக் கடப்பிதழ் வைத்திருந்தால் ஆம்ஸ்டர்டாம் போன்ற ஷெங்கன் நாட்டு விமான நிலையங்களில் மாறுவதற்கே தனி இடைவழி விசா வேண்டும். சில விலக்குகள் உண்டு. ஒரே குடும்பம் சேர்ந்து போகும்போது எல்லாருடைய கடப்பிதழையும் பார்த்துத்தான் வழியை முடிவு செய்ய வேண்டும்.

படிக்கும் பிள்ளை தோளில் ஒரு பையோடு எந்த வழியிலும் போகலாம்; பத்து மணி நேரம் காத்திருந்தாலும் அவனுக்கு அது ஒரு கதை. தனியாகப் போகும் அம்மாவுக்கு நேரடி விமானம்தான் முதல் தேர்வு. பணம் இடம் கொடுக்காவிட்டால் ஒரே டிக்கெட்டில், ஒரே ஒரு மாற்றம். மூன்றாவது வழியை மறந்துவிடலாம்.

திரும்பி இறங்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். பகலில் வந்தால் விமான நிலைய விரைவு ரயில் 28 நிமிடத்தில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கே.எல். சென்ட்ரலில் விடும். அங்கிருந்து மஸ்ஜிட் ஜமெக்கில் மாறி அம்பாங் வரலாம். நள்ளிரவு தாண்டி இறங்கினால் எல்.ஆர்.டி. ஓடாது. இரண்டு பெட்டி, முழங்கால் வலி, கூடவே பேரப்பிள்ளையின் நூறு படங்கள். மகன் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான்.