பதக்கத்தின் பின்பக்கம்

பதக்கம் என்றதும் ஓட்டப்பந்தயமும் விருது விழாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. எந்த வெற்றியோடும் தொடர்பில்லாமல், ஒரு மனிதரின் முகத்தையும் மனத்தையும் பதித்து வைப்பதற்காகவே வார்க்கப்பட்ட வெண்கலப் பதக்கங்களும் உண்டு. 1438-இல் இத்தாலியின் ஃபெராராவுக்கு வந்த பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானின் உருவத்தை ஓவியர் பிசனெல்லோ பதக்கமாக்கியதிலிருந்து இக்கலை தொடங்குகிறது என்பார்கள். நாணயத்தைப் போல அடித்து எடுக்காமல், மெழுகு உருவைக் கொண்டு அச்செடுத்து, அதில் உலோகத்தை உருக்கி ஊற்றினார்கள். அதனால் உருவம் நன்கு புடைத்து நின்றது. விரலால் தடவியே முகத்தை உணரலாம்.

இவற்றில் ஒரு பெண் தானே எடுத்த முடிவை ஆழமாகச் சொல்வது 1447-இல் பிசனெல்லோ செய்த செசிலியா கொன்சாகாவின் பதக்கம். செசிலியா மாந்துவா பிரபுவின் மகள். சிறு வயதிலேயே கிரேக்கம் கற்றவள். உர்பினோவின் இளவரசனுக்கு அவளை மணமுடிக்கத் தந்தை முனைந்தார். அவளோ துறவு மடத்தையே விரும்பினாள். 1444-இல் தந்தை இறந்த பிறகே அது கைகூடியது. பதக்கத்தின் முன்பக்கத்தில் அவள் அரண்மனை உடையில் இருக்கிறாள். பின்பக்கத்தில் பிறைநிலவின் கீழ் ஓர் இளம்பெண் அமர்ந்திருக்க, அவளருகே ஒற்றைக்கொம்புக் குதிரை சாந்தமாகப் படுத்திருக்கிறது. உரோமம் அடர்ந்த அந்த விலங்கைப் பார்த்தால் ஆடு என்றே தோன்றும். கன்னிக்கு மட்டுமே அது அடங்கும் என்பது அக்கால ஐரோப்பிய நம்பிக்கை.

இத்தகைய பதக்கங்கள் பிரபுக் குடும்பங்களின் பெருமைக்காகச் செய்யப்பட்டவைதானே, இதில் அவளுடைய சொந்த மனம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரே பதக்கத்தைப் பல பிரதிகளாக வார்த்து வேண்டியவர்களுக்குக் கொடுப்பது அன்றைய வழக்கம். முன்பக்க எழுத்துகளும் அவளைத் தந்தையின் பெயர் சொல்லித்தான் அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் மகள் என்பதற்கு முன்பே கன்னி என்று பொறித்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் குடும்பச் சின்னமும் இல்லை, மணஉறவின் அடையாளமும் இல்லை. குடும்பமே செய்வித்தது என்று வைத்துக்கொண்டாலும், அவர்கள் நிலைநிறுத்தியது அவளுடைய மறுப்பைத்தான். அப்படியானால் துறவிக்கு ஏன் அரண்மனை உடை? முன்பக்கம் அவள் விட்டுவந்த வாழ்வு, பின்பக்கம் அவள் தேர்ந்த வாழ்வு என்று படிப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. செசிலியா 1451-இல் இறந்தாள். அவளுடைய பதக்கத்தின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும் இருக்கின்றன. பதக்கங்களைப் பார்வைக்கு வைப்பவர்கள் முகத்தை மட்டும் காட்டி நிறுத்தாமல், இரண்டு பக்கமும் தெரியும்படி வைக்க வேண்டும்.