அக்கியும் ஆச்சியின் மறதியும்

சேரன்மாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே இருக்கிறது காருகுறிச்சி. தாமிரபரணிப் பாசனத்தில் மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். நம் பக்கத்தில் பானை செய்கிற வேளார்களைத் தேடிப் பானை வாங்குகிறவர்கள் மட்டும் போவதில்லை. அக்கி வந்தவர்களும் போவார்கள். விலாவிலோ முதுகிலோ ஒரு பக்கமாகக் கொப்புளங்கள் பட்டையாகக் கிளம்பி, தீப்பட்ட மாதிரி எரியும். வேளார் காவியைக் கரைத்து அந்த இடத்தில் எழுதி அனுப்புவார். இதற்கு அக்கி எழுதுவது என்று பெயர். தலைமுறை தலைமுறையாக நடக்கிற வழக்கம்.

ஈரக் காவி தோலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அக்கியின் வேர் தோலில் இல்லை. அது முதுகெலும்பை ஒட்டி, உள்ளே நரம்பு முடிச்சுகளில் இருக்கிறது. அதுவும் நேற்றோ முந்தாநாளோ வந்ததில்லை. உங்கள் ஆச்சி பாவாடை கட்டிய சிறுமியாக இருந்தபோதே வந்து குடியேறியது.

உங்களில் பலருக்கும் சின்னம்மை போட்டிருக்கும். வாசலில் வேப்பிலை செருகி, தனியே படுக்க வைத்து, கொப்புளம் வாடியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றியிருப்பார்கள். அம்மை இறங்கிவிட்டது என்று வீடே நிம்மதி அடைந்திருக்கும். ஆனால் வேரிசெல்லா சோஸ்டர் என்கிற அந்த வைரஸ் உடம்பை விட்டு முழுவதும் போவதில்லை. தோலில் இருந்து நரம்பு வழியாக உள்ளே ஏறி, நரம்பு முடிச்சுகளில் சத்தமில்லாமல் தங்கிவிடுகிறது. ஐம்பது, அறுபது வருடம் கழித்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்துக்கொண்டு, ஏறிப்போன அதே நரம்பு வழியாக இறங்கி வருகிறது. அதுதான் அக்கி. ஒவ்வொரு நரம்பும் உடம்பின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டைத் தோலுக்கு மட்டுமே பொறுப்பு. அதனால்தான் அக்கி பெரும்பாலும் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. அது உடம்பைச் சுற்றி வளைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று பெரியவர்கள் சொன்னால், இந்தக் காரணத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இதைத் துப்பறிந்தவர்களில் ஒருவரை எனக்கு மிகவும் பிடிக்கும். எட்கர் ஹோப்-சிம்ப்சன் பெரிய ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி இல்லை. இங்கிலாந்தில் சிரன்செஸ்டர் என்ற சிற்றூரின் குடும்ப டாக்டர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பதினாறு ஆண்டுகள் பொறுமையாகக் குறித்து வைத்தார். சின்னம்மை அலை அலையாகப் பரவுகிறது, அக்கி அப்படிப் பரவவில்லை. வயது ஏற ஏற அக்கி அதிகமாகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அக்கி வெளியில் இருந்து தொற்றுவதில்லை, உள்ளே கிடந்ததுதான் விழிக்கிறது என்று 1965இல் எழுதினார். நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸின் மரபுப் பொருளைப் பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தபோது அவர் சொன்னது சரியென்று ஆயிற்று. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் அவருக்குப் போதுமானதாக இருந்தன.

இனி மறதிக்கு வருவோம். வயதானவர்கள் சிலர் சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சாப்பாடு கேட்பார்கள். பெற்ற மகளையே யாரென்று கேட்பார்கள். அறளை பேர்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள், சில சமயம் எரிச்சலோடு. அது குறும்பும் இல்லை, பிடிவாதமும் இல்லை. மூளைச் செல்கள் மெல்லச் சிதைகிற நோய். மருத்துவர்கள் டிமென்ஷியா என்பார்கள். அதில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர். இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அக்கிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இருக்கலாம் என்று காட்டியது ஒரு பிறந்தநாள்.

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸில் 2013 செப்டம்பர் 1 அன்று முதியோருக்கு அக்கித் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஊசி குறைவாக இருந்ததால் ஒரு விதி வைத்தார்கள். 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஊசி உண்டு. அதற்கு முன்பு பிறந்தவர்களுக்குக் கடைசி வரை கிடையாது. பிறந்த தேதி ஒரு நாள் தவறியதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர, நாம் ஒரு வருடம் காத்திருப்போமே, அதே மாதிரிதான்.

இந்த விதி ஏன் விஞ்ஞானிகளுக்குப் பொக்கிஷமாக அமைந்தது? சாதாரணமாக, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். தேடிப் போய் ஊசி போடுகிறவர் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவராக, நடைப்பயிற்சி போகிறவராக, வசதி உள்ளவராக இருக்கலாம். மறதி குறைந்தால் அதற்கு ஊசி காரணமா, சாப்பாடு காரணமா என்று எப்படிப் பிரிப்பது? ஆனால் ஒரு வார இடைவெளியில் பிறந்த இரண்டு கூட்டத்தாருக்குள் அப்படி என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? வித்தியாசம் ஊசியில்தான். ஒரு வாரம் மூத்தவர்களில் ஊசி போட்டவர்கள் அநேகமாக யாருமே இல்லை. ஒரு வாரம் இளையவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் போட்டிருந்தார்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் கெல்ட்செட்சரும் அவருடைய குழுவினரும் ஏழு ஆண்டு மருத்துவப் பதிவுகளைப் புரட்டி, 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கு டிமென்ஷியா வருவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தேதியை ஒட்டி வேறு ஏதாவது மாறியதா என்றும் தேடினார்கள், அகப்படவில்லை.

வைரஸ் எப்படி மூளையைக் கெடுக்கலாம்? அக்கி வைரஸ் மூளையின் இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கக் கூடியது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. இன்னொரு வழியும் இருக்கலாம். உதட்டோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் முதியோரின் மூளைக்குள்ளும் இருப்பதை 1991இல் மான்செஸ்டரில் ரூத் இட்சாகியின் குழு கண்டது. பல வருடங்கள் பலர் அதை நம்பவில்லை, அவர் விடவில்லை. 2022இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் அவரோடு சேர்ந்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மூளைத் திசுவில் அந்த ஹெர்பிஸை உறங்க வைத்து, பிறகு அக்கி வைரஸை விட்டார்கள். ஹெர்பிஸ் விழித்துக்கொண்டது. அல்சைமர் மூளையில் காணப்படுவது போன்ற புரதப் படிவுகளும் உண்டாயின. அக்கி வைரஸை மட்டும் விட்டபோது அந்தப் படிவுகள் வரவில்லை.

இவ்வளவும் தடயங்கள்தான், வழக்கு முடியவில்லை. அல்சைமர் தொடங்கிவிட்டவர்களுக்கு வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2025இல் வந்தது. நோய் தணியவில்லை. நோய் வந்த பிறகு கொடுத்தது பிந்திவிட்டதா, அல்லது வைரஸ் காரணமே இல்லையா என்பது இனிமேல் ஆராய வேண்டியது. ஊசி பொதுவாக எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டதால் பலன் கிடைத்திருக்கவும் கூடும். எப்படியிருந்தாலும் அம்மை வந்த எல்லோருக்கும் மறதி நோய் வரும் என்று பயப்பட வேண்டாம். ஆச்சி காலத்தில் அம்மை வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலோர் எல்லாவற்றையும் நினைவில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மறதி நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. ஆச்சியின் பக்கத்தில் தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம்.

வேல்ஸில் போட்ட பழைய ஊசியை விட வீரியமான புதிய அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு தவணை. விலையோ அதிகம்; வயலில் நாற்று நடுகிற ஓர் ஆச்சி வாங்கக் கூடியதில்லை. அரசு இதை ஏழை முதியோருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். மறதியை வரவழைக்கும் வேறு காரணங்கள் பலவற்றுக்கு இப்போதே வழி இருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும், கவனிக்காத செவிட்டுத்தன்மையும், மருத்துவம் பார்க்காத கண்பார்வைக் குறைவும் 2024இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட பதினான்கு காரணங்களில் அடங்கும். கண்புரைக்கு நெல்லையிலேயே 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

வீட்டில் தாத்தாவுக்கோ ஆச்சிக்கோ உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிந்து, பட்டையாகக் கொப்புளம் கிளம்பினால், அக்கி எழுதியதோடு நிற்க விடாதீர்கள். மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் பலன் அதிகம். அசைக்ளோவிர் என்ற அந்த மாத்திரை கெர்ட்ரூட் எலியனின் குழு உருவாக்கியது. அவர் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். கொப்புளம் கண்ணுக்கு அருகில் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். உங்களுக்கு இதுவரை அம்மை வராதிருந்தால் அந்தக் கொப்புளங்களைத் தொடாதீர்கள்; தொட்டால் உங்களுக்குச் சின்னம்மை வரலாம். தொடாமலே செய்ய ஒரு வேலை இருக்கிறது: பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அவர்களை இன்றைக்கே கூட்டிப்போகச் சொல்லி அப்பாவையும் அம்மாவையும் நச்சரியுங்கள்.