தலைக் கரப்பானுக்கு மருந்து ஷாம்பூ



"டிரஸர் ஐயா, மருந்து ஷாம்பூ போட்டும் அரிப்பு நிக்கலையே! ஒட்டிக்கும்னு பக்கத்து வீட்டார் ஒதுங்கிப் போறாங்க" என்று மரம் சீவும் அக்கா ஒருவர் கண் கலங்கினார். விசாரித்தால், ஷாம்பூவைப் போட்ட உடனே கழுவி விடுகிறாராம். இரவில் எண்ணெயும் தடவி ஊறவிடுகிறாராம்.

நெற்றியோரம், காதுக்குப் பின்னால் சிவந்து, பிசுபிசுப்பாகச் செதில் உதிர்வது தலைக் கரப்பான். எல்லார் தோலிலும் இருக்கும் ஒருவகைக் காளான் கிருமி இதைக் கிளப்பிவிடுகிறது. எண்ணெய்ப் பசைதான் அதற்குத் தீனி. இது அழுக்கினால் வருவதல்ல. அடுத்தவருக்கு ஒட்டவும் ஒட்டாது.

கெட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை ஈரத் தலையில், தோலில் படும்படி தேய்த்து, 5 நிமிடம் விட்டு அலசுங்கள். வாரம் 2 முறை, 4 வாரம் போடுங்கள். குறைந்த பிறகும் 2 வாரத்துக்கு ஒரு முறை போட்டு வாருங்கள். அடியோடு நிறுத்தினால் திரும்ப வரும். இரவு எண்ணெய் வேண்டாம்.

சீழ் வைத்தாலோ, பிள்ளைகளுக்கு வட்டவட்டமாக முடி கொட்டினாலோ ஷாம்பூ மட்டும் போதாது. அது படர்தாமரையாக இருந்தால் மாத்திரை வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போடாமல் கிளினிக்குக்கு வாருங்கள்.