குளிர்காற்றும் சுழல் எஞ்சினும்

ஆரணியில் பாவு விரிப்பவர்கள் வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். பட்டுநூலுக்கு விடியற்காலைக் காற்றுதான் ஒத்துவரும். சிறு விமானங்களின் எஞ்சினுக்கும் அப்படித்தான். காரணம் மட்டும் வேறு.

எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிழுக்கும் காற்றின் கொள்ளளவு மாறாது, எடைதான் மாறும். கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்று 20 டிகிரி செல்சியஸில் சுமார் 1.20 கிலோ, 40 டிகிரியில் 1.13 கிலோ. ஆக, கோடையில் ஆக்சிஜன் 6 சதவீதம் குறைவு. சக்தி அத்தனை குறைவதில்லை. எந்தக் காற்றானாலும் எஞ்சின் சுவர் பட்டுச் சூடாகிவிடும் என்பதால், இழப்பு 3, 4 சதவீதத்தோடு நிற்கும்.

இது பிஸ்டன் எஞ்சின் கணக்கு. பிஸ்டனுக்குப் பதில் முக்கோணச் சுழலி கொண்ட வாங்கல் எஞ்சின், 1957இல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்தில் முதலில் ஓடியது. எடையும் அதிர்வும் குறைவு என்பதால் ஆளில்லா விமானங்களுக்குத் தோதானது. அகமதுநகர் வி.ஆர்.டி.இ., பெங்களூரு என்.ஏ.எல். ஆகிய ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து செய்த 55 குதிரைத்திறன் வாங்கல் எஞ்சினோடு, 2009இல் கோலார் அருகே நிஷாந்த் என்ற ஆளில்லா விமானம் பறந்தது. கோலார் ஆரணிக்கு மேற்கே, 800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் கொடுப்பதை உயரம் பறித்துக்கொள்ளும்.

பிஸ்டன் எஞ்சினில் எரிந்த இடத்துக்கே அடுத்த மூச்சுக் காற்றும் வந்து அதைச் சற்றுத் தணிக்கும். வாங்கலில் ஒரு பக்கம் எப்போதும் உள்ளிழுக்கும், இன்னொரு பக்கம் எப்போதும் எரியும். சுழலியின் சூட்டைத் தணிக்க, சில எளிய வகைகளில் உள்ளே போகும் பெட்ரோல்-காற்றுக் கலவையையே அதன் வயிற்றுக்குள் விட்டு எடுக்கிறார்கள். கலவை சூடாகி விரிந்துதான் அறைக்குள் நுழைகிறது. குளிர்காற்றின் ஆதாயத்தில் ஒரு பங்கு வாசலிலேயே போய்விடும். எளிமைக்குக் கொடுக்கும் விலை அது.

ஈரக்குளிர் இன்னொரு தொல்லை. பெட்ரோல் ஆவியாகும்போது, அதைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் வெப்பம் 20 டிகிரிக்கு மேலும் இறங்கலாம். மார்கழி விடியலில் வெளியே 20 டிகிரி இருந்தாலும் உள்ளே பனிக்கட்டி பிடித்துக் காற்றுவழியை அடைக்கும். விமானி சூடான காற்றைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் சக்தியைத் தியாகம் செய்வார்.

கோடையிலோ இறக்கைக்கும் காற்றாடிக்கும் சேர்த்தே பிடிமானம் குறைகிறது. மே மாத நண்பகலில் சிறு விமானத்தில் ஏறும்போது, பெட்டிகளில் ஒன்றைக் கீழே விட்டுவரச் சொன்னால் விமானியிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.